பால் டின், வாழைமட்டை, மூங்கில்: பிள்ளைகளோடு விளையாட்டுச் சாமான் செய்யப் புதிதாக இறங்குவோருக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எதையும் செய்வதற்காகக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். விருந்துக்கு இலை நறுக்கினால் மட்டை மிஞ்சும். டீ போட்டால் பால் டின் மிஞ்சும். நுங்கு தின்றால் வெறும் கூடு மிஞ்சும். எந்த மாதத்தில் எது மிஞ்சுகிறதோ, அதுதான் அந்த மாதத்து விளையாட்டு. மழைக்காலத்தில் பட்டம் விட ஆசைப்பட்டு, காகிதம் நனைந்து, பிள்ளையும் நீங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்வதில் அர்த்தமில்லை.

நான் வளர்ந்தது ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அப்பால், தன்லினைத் தாண்டி ஒரு நெல்வயல் கிராமத்தில். 1993இல் தன்லின் பாலம் வருவதற்கு முன்னால் பட்டணம் போவதென்றால் படகுதான். அது சோஷலிச ஆட்சிக் காலம். வெளிநாட்டுப் பொம்மையைப் பத்து வயது வரை நான் தொட்டதே இல்லை. கையில் கிடைத்ததுதான் விளையாட்டு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, மாற்றியும் தரவில்லை. தாத்தா தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த 75 கியாட் கட்டு அந்த வருஷம் எங்கள் கடை விளையாட்டுக்குக் காசாயிற்று. “வெளயாடுங்கடா, ராசா வீட்டுப் புள்ளைக்குக்கூட இம்புட்டுக் காசு கையில குடுக்க மாட்டாங்க” என்றார். நாங்கள் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

இதை எழுதுவது இரண்டு பேருக்காக. ஒன்று, ரங்கூன் அடுக்குமாடியில் பிள்ளை வளர்க்கிற, தன் கையால் மூங்கில் சீவிப் பார்க்காத இளம் அப்பா அம்மாக்கள். இன்னொன்று, கோடை விடுமுறையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிற தம்பி தங்கைகள். அ, ஆ எழுதிக் களைத்த பிள்ளைகளை மதியம் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்கள் அவர்கள்தான்.

தொடங்கும் முன்

ஒரு சிறு கத்தி, இரண்டங்குல ஆணி நாலைந்து, சுத்தியல், குறடு, கத்தரி, மெழுகுவத்தி, தையல் நூல், கிழிந்த லுங்கித் துணி. இவை போதும். கத்தி கூராக இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிறார்களே என்று மொண்ணைக் கத்தியைக் கொடுப்பவர்கள் உண்டு. மொண்ணைக் கத்தியைத்தான் அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கிக் கையில் ஏறும்.

ஏழு வயதுக்குக் கீழே கத்தி வேண்டாம். பிடித்துக்கொள்ள, ஊறப்போட, நூல் சுற்ற, வண்ணம் பூச அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. பத்து வயதுக்கு மேல், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், கொடுக்கலாம். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக ஓட வேண்டும் என்பதை முதலில் காட்டிவிடுங்கள். மூங்கிலைத் தொட்டால் சிலாம்பு ஏறும். அதனால் வெட்டியவுடன் விளிம்பையெல்லாம் கத்தி முதுகால் ஒருமுறை வழித்துவிட வேண்டும்.

இன்னொரு பழக்கம் எனக்குண்டு, நீங்களும் பழகிக்கொள்ளலாம். எந்தச் சாமானையும் முழுதாக முடித்துக் கையில் கொடுக்காதீர்கள். கடைசி வேலை பிள்ளையுடையது. அச்சைக் கோப்பது, துணியைச் சுற்றுவது, வாலை ஒட்டுவது என்று ஏதாவது ஒன்று. அது கோணலாக வரும். வரட்டும். நான் வழவழவென்று செய்து கொடுத்தவை சாயங்காலமே கட்டிலுக்கடியில் போய்விட்டன.

வெயில் தொடங்கும்போது: நுங்கு வண்டி

இது மிகச் சுலபம், அதனால் இதில் தொடங்குங்கள். பள்ளி விடுமுறை விடுகிற நேரத்தில் நுங்கு வரும். பனைவெல்லத்தை ‘பர்மா சாக்லேட்’ என்று கேலியாகச் சொல்லும் ஊரில் பனைக்குப் பஞ்சமில்லை. நுங்கைச் சீவித் தருகிறவரிடம் கூட்டை எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லி, ஒரே அளவில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அளவு ஒத்துப்போகாவிட்டால் வண்டி வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சாண் நீளத்தில் விரல் தடிமனான குச்சி ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் கூராக்குங்கள். கூடுகளின் கண் தெரியும் பக்கம் வெளியே பார்க்க, முதுகுப் பக்கத்தின் நடுவில் குச்சியைக் குத்தி இறக்குங்கள். பச்சைக் கூடாக இருந்தால் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஆணியால் வழி செய்துகொள்ளலாம். பிறகு, நுனியில் கவட்டை உள்ள நீளக் குச்சி ஒன்று, பிள்ளையின் மார்பு உயரத்துக்கு. கவட்டையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். நாலு நாளில் கூடு காய்ந்து சுருங்கி அச்சு ஆடத் தொடங்கிவிடும். ரிப்பேர் செய்ய உட்காராதீர்கள், இன்னும் இரண்டு நுங்கு தின்னுங்கள்.

ஏப்ரல்: பீச்சாங்குழல்

பர்மியர் இதை ‘பியுட்’ என்பார்கள். ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா, அதன் நடுவிலேயே நம் சித்திரை முதல் நாள். இரண்டும் ஒன்றாக வருவது எங்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது. புதுத்துணி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் மேல் பீச்சக் கூடாது என்பது அப்பத்தாவின் சட்டம். திரும்பி வரும்போது பீச்சலாமா என்பது பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது தெருவுக்குத் தெரு ரப்பர் குழாயும் மோட்டாரும் வந்துவிட்டன. கடையில் பிளாஸ்டிக் துப்பாக்கியும் இருக்கிறது. ஆனாலும் நான் செய்து பார்த்ததில் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது இதுதான். ஊற்றுவதற்கும் பீச்சுவதற்கும் இடையில் ஒரு சக்தி எங்கிருந்தோ வருகிறதே, அது எப்படி என்று அவர்கள் கையே கேட்கிறது.

மூங்கில் எங்கே கிடைக்கும்? திஞ்சானுக்காகத் தெருவில் மேடை கட்டுகிறவர்கள் மூங்கிலை நறுக்கித் துண்டுகளைக் கீழே போட்டிருப்பார்கள். கேட்டால் தருவார்கள். தடித்த சுவருள்ள மூங்கில் வேண்டாம். பசையரிசியை உள்ளே அடைத்துச் சுட்டு விற்கிறார்களே, கௌக்ஞின் சீதௌக், அதற்குப் பயன்படும் மூங்கிலின் பெயர் ‘தின்வா’. சுவர் மெல்லிசு, உள்ளே இடம் அதிகம். அதுதான் இதற்கு ஏற்றது. மெல்லிசாக இருப்பதால் சுத்தியலால் தட்டினால் பிளந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

1. உள்வாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் உள்ள துண்டாகப் பாருங்கள். ஒரு முனையில் கணு இருக்க வேண்டும். கணுவுக்கு இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள். அடுத்த கணுவுக்குச் சற்று முன்னால் இன்னொரு வெட்டு. இப்போது ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் திறந்தும் 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் கிடைத்திருக்கும். சிறு ரம்பம் இருந்தால் அதனால் அறுப்பதே நல்லது.

2. ஆணியைக் குறட்டில் பிடித்து நெருப்பில் காய்ச்சி, கணுவின் நடுவில் அழுத்துங்கள். புகை வரும், ஓட்டை விழும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இது பெரியவர் வேலை.

3. தண்டுக்கு, குழாயைவிட ஒரு சாண் நீளமான, நேரான குச்சி. அதன் நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளிச் சுற்றிலும் ஒரு காடி வெட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு சுற்றுகிற துணி குழாய்க்குள்ளேயே கழன்று தங்கிவிடும்.

4. லுங்கித் துணியை இரண்டு விரல் அகல நாடாவாகக் கிழித்து, நுனியில் இறுக்கிச் சுற்றி, காடியில் நூல் விழும்படி கட்டுங்கள். இது பிள்ளையின் வேலை. உலர்ந்த நிலையில் குழாய்க்குள் கொஞ்சம் தளர்வாகப் போக வேண்டும்.

5. எல்லாவற்றையும் அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். துணி ஊறிப் பருத்துக் குழாயை அடைத்துக்கொள்ளும். இந்த அரை மணி நேரம் பொறுக்க முடியாமல்தான் பாதிப் பேர் ‘வேலை செய்யல மாமா’ என்று வருவார்கள்.

பிறகு கணுப் பக்கத்தைத் தண்ணீரில் முக்கித் தண்டை இழுத்தால் தண்ணீர் ஏறும், தள்ளினால் பீச்சும்.

நான் முதலில் செய்தது பீச்சவே இல்லை. பெரிய ஆணியால் ஓட்டை போட்டிருந்தேன். தண்ணீர் காலடியிலேயே ஒழுகியது. தாத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, “இது பீச்சாங்குழல் இல்லடா, கெண்டி. புள்ளைக்கு மருந்து ஊத்தலாம்” என்றார். ஓட்டை பெரிதாகிவிட்டால் மெழுகை உருக்கி அடைத்து, அதன் நடுவில் மெல்லிய ஆணியால் மறுபடி போடலாம். வெயிலில் மெழுகு இளகும். அதனால் புதிதாகச் செய்வதே நல்லது.

முகத்தில் பீச்சக் கூடாது, மோட்டார் சைக்கிளில் போகிறவர் மேல் பீச்சக் கூடாது. இரண்டும் போதும், இதற்கு மேல் விதி போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மழை இறங்கியபின்: வாழைமட்டைத் துப்பாக்கி

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இங்கே மழை. மழைக்காலத்தில் வாழை இலை செழித்து நிற்கும். இலையை நறுக்கிய பிறகு அடியில் மிஞ்சும் தடித்த நடுமட்டை துப்பாக்கிக்கு. தண்டு பர்மியரின் மீன் குழம்பான மொஹிங்காவுக்குப் போகும். பூவும் காயும் நமக்கு. பர்மாவில் வாழையை யாரும் வீணாக்குவதில்லை, பிள்ளைகள் உட்பட.

கை நீளத்துக்கு மட்டையை எடுத்து, இரண்டு பக்க இலையையும் கிழித்துவிடுங்கள். குழிவான பக்கம் கீழே இருக்க, முதுகில் கத்தியைச் சாய்த்து வைத்து ஒரு விரல் நீளத்துக்குச் சீவுங்கள். முழுதாக அறுத்துவிடாமல் அடி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நாலைந்து செதில்கள், எல்லாம் ஒரே திசையில். அவற்றை நிமிர்த்தி நிற்க வையுங்கள். கைப்பிடிப் பக்கத்தை இடது கையில் பிடித்து, வலது உள்ளங்கையால் செதில்களை வரிசையாக விருட்டென்று தடவினால் படபடவென்று வெடிக்கும். சத்தம் வரவில்லையென்றால் செதில் தடிமன் போதாது, அல்லது மட்டை வாடிவிட்டது. வெட்டிய அன்றே செய்ய வேண்டும்.

வாழைச்சாறு துணியில் பட்டால் கறை போகாது. வெள்ளைச் சட்டையோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்து ஒரு வாரம் நான் அம்மாக்கள் கண்ணில் படாமல் திரிந்தேன்.

அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு: பால் டின்

தெருவில் இறங்க முடியாத மழை நாளில் இதைப் போல் ஒன்றில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டால் கெட்டிப்பால் டின் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் அவர்கள் மேலே இரண்டு பொத்தல் போட்டுத்தான் ஊற்றியிருப்பார்கள். அந்த மூடியைத் திறப்பானால் சுற்றிலும் வெட்டி எடுத்து, விளிம்பைக் குறட்டால் உட்பக்கம் மடக்கி, சுத்தியலால் தட்டிவிடுங்கள். விரலைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள், முதலில் உங்கள் விரலை. கீறினால் மறுபடி தட்டுங்கள்.

டெலிபோனுக்கு இரண்டு டின். அடிப்பக்கத்தின் நடுவில் ஆணியால் ஒரு சிறு ஓட்டை. பட்ட நூலில் மெழுகைத் தேய்த்து ஓட்டையில் நுழைத்து, உள்ளே ஒரு துண்டுத் தீக்குச்சியில் முடிச்சுப் போடுங்கள். நூல் விறைப்பாக இருக்க வேண்டும், நடுவில் எதிலும் படக் கூடாது. இந்த இரண்டு விதியும் தெரிந்தால் போதும், பேசுவது கேட்கும். நம் ரங்கூன் மாடிகளில் செய்தித்தாள் ஏற்றவும் சாமான் இறக்கவும் பால்கனியிலிருந்து கிளிப்போடு கயிறு தொங்கவிடுகிறோமே, அதே பால்கனியிலிருந்து தெருவுக்கு இதை இறக்கலாம். மூன்றாம் மாடி வரை நன்றாகக் கேட்கிறது. மேலே இருப்பவர் காதில் வைத்திருக்கும்போது கீழே இருப்பவர் டின்னைச் சுண்டக் கூடாது. ஒருமுறை அனுபவித்தால் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு ரோடு ரோலர். மூடியுள்ள டின்னில் ஈரமணலை அடைத்து, இரண்டு பக்கமும் நடுவில் ஓட்டை போட்டு, கம்பி நுழைத்து, கம்பியின் இரு முனையிலும் கயிறு கட்டி இழுப்பது. பொத்தல்களைத் துணியால் அடைக்காவிட்டால் வீடெல்லாம் மணல்.

ஓர் எச்சரிக்கை. எந்த டின்னை எடுக்கிறீர்கள் என்று பார்த்து எடுங்கள். பால் டின்தான் இங்கே அரிசி அளவை. எட்டு டின் ஒரு பியி. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அரிசிப் பானைக்குள் பளபளவென்று கிடந்த டின் ஒன்றில் ஓட்டை போட்டுவிட்டேன். மறுநாள் காலை அப்பத்தா அளக்கும்போது அடியிலிருந்து அரிசி ஒவ்வொன்றாகச் சொட்டியது. அடி விழவில்லை. சொட்டிய அரிசியைப் பொறுக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஓட்டையை மெழுகால் அடைத்தார். அதன் பிறகும் பல வருஷம் அதே டின்னில்தான் எங்கள் வீட்டுச் சோறு அளக்கப்பட்டது. யார் வந்தாலும் அதைத் திருப்பிக் காட்டி என் பெயரைச் சொல்லாமல் விட்டதில்லை.

கீழே விழாத பொம்மை

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தால் எழுந்து நிற்கும். பர்மாவிலும் அப்படி ஒன்று உண்டு, காகிதக் கூழில் செய்து சிவப்பும் பொன்னிறமும் பூசியிருப்பார்கள். பெயர் ‘பிட்டைந்தௌன்’, எறிந்தபோதெல்லாம் எழுவது என்று பொருள். வீட்டில் முட்டை ஓட்டிலேயே செய்யலாம்.

முட்டையின் கூரான முனையில் விரல் நுழைகிற அளவுக்கு உடைத்து, உள்ளே இருப்பதைக் குழம்புக்கு ஊற்றிவிட்டு, ஓட்டைக் கழுவிக் காயவையுங்கள். அரிசி பரப்பிய கிண்ணத்தில் ஓட்டை நேராக நிறுத்தி, இரண்டு தேக்கரண்டி மணலைப் போட்டு, அதன் மேல் உருக்கிய மெழுகை ஊற்றுங்கள். மெழுகு இறுகும்வரை தொடக் கூடாது. சாய்ந்து இறுகினால் பொம்மை வாழ்நாள் முழுக்கச் சாய்ந்தே நிற்கும், அதுவும் ஓர் அழகுதான். மேல் ஓட்டையில் காகிதத் தொப்பி ஒட்டினால் வேலை முடிந்தது. முகம் வரைவதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் சிரிக்காத முகம் வரைந்ததில்லை, ஒரே ஒரு பெண்ணைத் தவிர. அவள் தன் தமிழ் வகுப்பு ஆசிரியரை வரைந்தாள்.

மழை விட்டதும்: தரையில் கோடு

அக்டோபரில் பர்மியரின் தடின்ஜுட் திருவிழா விளக்குகளும் நம் தீபாவளி விளக்குகளும் அடுத்தடுத்து வரும். தரை காயும். இப்போது சாமானே தேவையில்லாத ஆட்டம். ஊரில் கிளித்தட்டு என்பார்கள், பர்மியப் பிள்ளைகள் ‘தொக்சீத்தோ’ என்பார்கள். கோடுகளில் சின்ன வேறுபாடு இருக்கும், ஆட்டம் ஒன்றுதான். அதனால் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக ஆடவைக்க இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

நீளமாக ஒரு கட்டம், நடுவில் நெடுக ஒரு கோடு, குறுக்கே நாலு கோடு. ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிக்கிற அணியில் ஒருவர் நிற்பார், கோட்டை விட்டுக் கால் எடுக்கக் கூடாது. அவர்களின் தலைவர் நடுக்கோட்டிலும் ஓடலாம். எதிரணி தொடப்படாமல் கடைசி வரை போய்த் திரும்பி வர வேண்டும். யாராவது ஒருவர் பிடிபட்டால் அணி மாறும். புதியவர்கள் செய்யும் தவறு, கட்டத்தைக் குறுக்கிப் போடுவது. மறிப்பவர் கையை விரித்தால் பாதிக் கட்டம் மறையும் அளவுக்குத்தான் அகலம் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் யாராலும் தாண்ட முடியாது.

கோட்டைக் கெட்டிலில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் போடுவது இங்கே வழக்கம். அழகாக இருக்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். பிறகு கோடு எங்கே இருந்தது என்பதே சண்டை. எங்கள் காலத்தில் ஆட்டத்தைவிட இந்தச் சண்டைதான் நீளம். சாம்பலால் போட்டால் சண்டை குறையும். குறைய வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கிட்டிப்புள்ளும் இந்தக் காலத்து ஆட்டம்தான். முழ நீளத்தில் கிட்டி, ஒரு சாணுக்குக் குறைவாகப் புள். புள்ளின் இரு முனையையும் பென்சில் போல் சீவினால் ஆயிற்று. கொய்யாக் கிளை நல்லது. புள் கண்ணில் பட்டால் பார்வை திரும்ப வராது. அடிக்கிறவருக்கு முன்னால் பிடிக்கிறவர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. இடம் குறுகலான சந்தில் இதை ஆடவே வேண்டாம்.

கவண் செய்யச் சொல்லித் தரும்படி பிள்ளைகள் கேட்பார்கள். நான் சொல்லித் தருவதில்லை. குருவி அடிக்கத்தான் அது போகிறது.

அறுவடைக்குப் பின்: பட்டம்

பர்மிய மொழியில் பருந்துக்கும் பட்டத்துக்கும் ஒரே பெயர், ‘சுன்’. டிசம்பரில் நெல் அறுத்த வயல் வெறுமையாகக் கிடக்கும், வடகிழக்குக் காற்று சீராக வரும். பட்டத்துக்கு இதைத் தவிர வேறு மாதம் இல்லை.

தாள் மெல்லிசாக இருக்க வேண்டும். ஷான் காகிதம் குடைக்கும் விளக்குக்கும் அழகு, பட்டத்துக்குக் கனம். காற்று நன்றாக இருந்தால் செய்தித்தாள் பறக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பை இன்னும் நன்றாகப் பறக்கிறது, அழகு மட்டும் இல்லை. 40 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மூங்கிலை இரண்டு குச்சியாகப் பிளந்து சீவுங்கள். முதுகெலும்புக் குச்சி, சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம், ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். வில் குச்சி அதைவிட எட்டு சென்டிமீட்டர் அதிகம், தடிமன் அதைவிடக் குறைவு. எல்லாமே இந்த வில்லில்தான் இருக்கிறது. நடுவில் விரலை வைத்துத் தராசு போல் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தைக் கத்தியால் வழியுங்கள், மறுபடி நிறுத்துங்கள். பிறகு இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள், வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். நான் ஒரு பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போகிறது. இங்கே அவசரப்பட்டால் பட்டம் வானத்தில் ஒரே பக்கமாகச் சுழன்று தலைகீழாக விழும், அப்போது எந்த வாலும் காப்பாற்றாது.

பசைக்கு நேற்றைய சோறு. பசையரிசிச் சோறாக இருந்தால் தண்ணீர்கூட வேண்டாம், விரலால் மசித்துத் தடவலாம். முதுகெலும்பை மூலைக்கு மூலை ஒட்டுங்கள். வில்லின் இரு முனையையும் பக்கத்து மூலைகளில் ஒட்டி, நடு வளைவை மேல் மூலையை நோக்கித் தூக்கி, முதுகெலும்போடு நூலால் கட்டுங்கள். மூலைகளில் சிறு தாள் துண்டு வைத்துப் பலப்படுத்துங்கள். ஒரு மணி நேரம் நிழலில் காயட்டும்.

சூத்திரம், அதாவது பறக்கவிடும் நூலைக் கோக்கிற கட்டு, போடுவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வில்லும் முதுகெலும்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு நூல், அடி மூலையிலிருந்து நாலு விரல் மேலே முதுகெலும்பில் ஒரு நூல். இரண்டையும் தாளின் முன்பக்கமாக இழுத்து ஒன்றாகப் பிடியுங்கள். மேல் நூல் கீழ் நூலைவிட ஒரு விரல் குறைவாக இருக்கும்படி முடிச்சுப் போடுங்கள். பட்டம் ஏறாமல் துடித்தால் மேல் நூலை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். ஏறி நிலைக்காமல் தலையை ஆட்டினால் வால் கட்டுங்கள், லுங்கித் துணி நாடா ஒரு முழம். வாலைப் பிள்ளையிடம் விடுங்கள்.

ஏற்றும்போது ஓட வேண்டாம். இன்னொருவர் இருபது அடி தள்ளிப் பட்டத்தைத் தலைக்கு மேல் பிடித்து நிற்க, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அவர் விட்டதும் நூலைக் கைமாற்றி இழுத்தாலே ஏறிவிடும். ஓடுகிற பிள்ளை பட்டத்தைப் பார்த்துக்கொண்டே வரப்பில் தடுக்கி விழும். இது என் முழங்கால் சொல்லும் பாடம், அடையாளம் இன்னும் இருக்கிறது.

மாஞ்சா போடாதீர்கள். கண்ணாடித் தூள் பூசிய நூலால் அடுத்தவர் பட்டத்தை அறுப்பதில் ஒரு போதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சைக்கிளில் வருகிறவர் கழுத்தையும் அறுக்கும். மின்கம்பி பக்கத்தில் விடாதீர்கள், கம்பியில் மாட்டியதை எடுக்க யாரையும் ஏறவிடாதீர்கள். மிங்கலாடோன் விமான நிலையப் பக்கம் குடியிருப்பவர்கள் பட்டத்தோடு தன்லின் பக்கம் வாருங்கள், வயல் நிறைய இருக்கிறது.

பிப்ரவரி முடிவில் காற்று ஓயும். கிழிந்த தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குச்சிகளை மட்டும் எடுத்து வையுங்கள். வில் குச்சியைக் கட்டிலிருந்து அவிழ்த்து நேராகப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வளைவே நிலைத்துவிடும். நூலை வெறும் பால் டின்னில் சுற்றி, எலி எட்டாத இடத்தில் மாட்டுங்கள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வேண்டாம்.